வளைவா, வண்டிக் கொட்டகையா

சிவப்பு வண்டி தெருமுனையில் நின்று மணி அடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே வர முடியவில்லை. மறியல் எதுவும் நடக்கவில்லை, மரம் எதுவும் விழுந்து கிடக்கவில்லை. தெரு நெடுகப் பட்டுப் பாவு நீட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனிக் காலை அது. எங்கள் தெரு ஆரணியின் ஓரத்தில், சேவூர்ப் பக்கமாக இருந்தது. தெருவின் உள்கோடியில் கன்னியப்பன் அண்ணன் வீட்டுக் கூரை எரிந்துகொண்டிருந்தது. சாயம் காய்ச்சிய அடுப்பிலிருந்து ஒரு பொறி, கூடவே காற்று. பெண்கள் நாங்கள் கிணற்றிலிருந்து வீடு வரை வரிசையாக நின்று குடங்களைக் கை மாற்றினோம். கூரைக்குப் போக வேண்டிய தண்ணீரில் பாதி எங்கள் புடவையிலேயே கொட்டியது.

எங்கள் பக்கத்துக்கென்று அப்போது தீயணைப்பு வண்டி கிடையாது. யாரோ சைக்கிளில் விரைந்து போய் போன் செய்து, வண்டி அடுத்த தாலுகாவிலிருந்து கிளம்பி வருவதற்குள் கூரையில் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதியையாவது காப்பாற்றலாம் என்று வந்தவர்களைத்தான் பாவு நிறுத்திவிட்டது.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, மேலே ஏறிப் போய்விடட்டுமா என்று கேட்டார். தெருவே சேர்ந்து வேண்டாம் என்றது. எல்லோரும் பாவைச் சுருட்ட ஓடினார்கள். கால்தான் ஓடியது, கை வழக்கம்போலத்தான் வேலை செய்தது. இழுவை தளராமல், இழை புரளாமல், சிக்கு விழாமல், பதமாகச் சுருட்டினார்கள். அங்கே வீடு எரிகிறது, இங்கே ஒருவர் "கொஞ்சம் தூக்கிப் புடி" என்கிறார்.

வண்டி வாசலுக்கு வந்தபோது கூரை உள்ளே விழுந்திருந்தது. நெய்து மடித்து வைத்த முகூர்த்தப் புடவை ஒன்றை எடுக்கக் கன்னியப்பன் அண்ணன் உள்ளே போயிருந்தார். புடவையோடு வெளியே வந்தார். புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

தெரு யாருக்குச் சொந்தம்

போன வாரம் எங்கள் வீட்டுத் தறிக்குழியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு திருச்சி வாசகர், பாவு பாவு என்கிறீர்களே, அது என்ன என்று கேட்டிருந்தார். சொல்லிவிடுகிறேன்.

புடவையின் நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவில் விறைப்பாக இழுத்து நீட்டி, மூங்கில் கால்களின் மேல் தாங்க வைத்து, அறுந்த இழையைச் சேர்ப்போம், ஒட்டிக்கொண்ட இழையைப் பிரித்துவிடுவோம். வெயில் ஏறினால் பட்டு பாழாகும். அதனால் விடிந்ததும் விடியாததுமாகத் தொடங்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் தெரு நெசவுக்காரருக்குச் சொந்தம். பால்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரமாக நடப்பார். கல்யாணக் கார் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். சாவு வீட்டில்கூட, பாவு சுருட்டி முடியட்டும் என்று பாடையை வாசலிலேயே வைத்திருப்பார்கள்.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. பாவு எங்களுடையது அல்ல, கூலிக்கு நெய்யச் சொல்லி முதலாளி கொடுத்தது. ஒரு பாவில் மூன்று புடவை இருக்கிறது. அது பாழானால் நெய்கிறவன் தலையில்தான் விடியும். எங்கள் குழந்தைகள் நடை பழகும்போதே பாவில் படாமல் நடக்கத்தான் பழகின.

அன்று எங்கள் வீட்டுப் பாவு தெருவில் இல்லை. இருந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

கதவோரத்து நாற்காலி

அந்த நாட்களில் பஞ்சாயத்தில் ஒரு பெண்ணையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் பஞ்சாயத்தில் அந்தப் பெண் நான்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள், கையெழுத்துப் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தால் வீடு உண்டு தறி உண்டு என்று இருப்பாள் என்று நம்பி ஞானசௌந்தரியாகிய என்னைச் சேர்த்தார்கள். என் வாயைப் பற்றி என் கணவர் தேவராஜிடம் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.

எனக்குக் கதவோரமாக ஒரு நாற்காலி. கூட்டம் தொடங்கினால் காபி வரும். மற்றவர்கள் கை தூக்கும்போது நானும் தூக்க வேண்டும். தெருவிளக்கு, சாக்கடை, சந்தை ஏலம் என்று நியாயமாகவே பல காரியங்கள் நடந்தன. நானும் தூக்கினேன். கெட்ட மனிதர்கள் யாரும் அங்கே இல்லை. பஞ்சாயத்தின் பெயரை நான் எழுதாததற்குக் காரணமும் அதுதான். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் இன்றும் என் வீட்டுக்கு வந்து போகிறார்கள்.

தீ விபத்து நடந்து கொஞ்ச நாள் கழித்துத் தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் பக்கத்துக்கு ஒரு வண்டியும் ஆட்களும் தரத் துறை தயாராக இருக்கிறது என்றார். ஆனால் வண்டி நிற்கக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, ஆட்கள் தங்க ஓர் அறை, இவ்வளவையும் ஊர்தான் கட்டித் தர வேண்டும். எங்களால் முடியாதென்றால், கட்டித் தருகிற வேறு ஊருக்கு வண்டி போய்விடும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

கூட்டத்தில் தலைவர் வேறு ஒன்றைப் பிரித்து மேஜைமேல் விரித்தார். எங்கள் தெருமுனையில் கட்டப்போகும் அலங்கார வளைவின் படம். இரண்டு பக்கமும் மயில், உச்சியில் தறி. மந்திரி வந்து அடிக்கல் நாட்டச் சம்மதித்துவிட்டார். அந்த வருஷம் பஞ்சாயத்தின் கையில் இருந்ததில் ஒன்றுதான் கட்ட முடியும். ஒன்று வளைவு, அல்லது கொட்டகை.

தலைவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வளைவு இருந்தால் மெட்ராஸ் வியாபாரிகள் தெருவைத் தேடி வருவார்கள், மந்திரியின் மனம் குளிர்ந்தால் பின்னால் தார் ரோடு வரும், இன்னும் பலது வரும் என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

"ஏம்மா, கை தூக்கலியா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க. வளைவு நெருப்ப அணைக்காதுங்க."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "நெருப்பு எப்பவோ ஒரு நாளைக்கு வர்து. வளைவு தெனமும் நிக்கும்மா."

எத்தனையோ வருஷம் கழிந்தும் அந்த வார்த்தை எனக்கு மறக்கவில்லை. செலவு செய்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இதே கணக்குத்தான். நெருப்பு வராத நாளில் நெருப்பு வண்டியைப் பார்த்தால் தண்டச் செலவாகத் தெரியும். வீணாக நிற்பதுதான் அதன் வேலை என்று யாருக்கும் எடுத்துச் சொல்ல முடிவதில்லை.

"என் கையக் காட்டாதே"

தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று ஏறி இறங்கினேன். பெரணமல்லூரில் என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு குமாஸ்தாவைத் தெரியும் என்று அங்கேயும் ஒரு நாள் போனேன். அந்தக் குமாஸ்தா மாற்றலாகிப் போய் வெகுநாள் ஆகியிருந்தது; அக்கா போட்ட கேழ்வரகு அடையைத் தின்றுவிட்டு வந்ததுதான் மிச்சம். எங்கே போனாலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். உங்கள் பஞ்சாயத்து தீர்மானம் போடட்டும், மேற்கொண்டு பார்க்கலாம் என்பதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் இல்லாத நாட்களில் என் தறி சும்மா கிடந்தது. தேவராஜ் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சில நேரம் அந்த மௌனத்துக்குத் திட்டே தேவலை என்றிருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கன்னியப்பன் அண்ணனை அழைத்துப் போய் மந்திரி முன்னால் நிறுத்திவிட்டால் என்ன? அவருடைய விரல்கள் அதற்குள் வளைந்து ஒட்டிப் போயிருந்தன. குறுக்கிழை ஓட்டும் நாடாவை வீச முடியாது, இழையைப் பிடிக்க முடியாது. மனைவி சரோஜா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கையைப் பார்த்த பிறகு யாரால் மறுக்க முடியும்?

அவரிடம் கேட்டேன்.

"என் கையக் காட்டிக் கேட்டா குடுப்பாங்க ஞானம்மா. எனக்குக் குடுப்பாங்க. வண்டிக்குக் குடுக்க மாட்டாங்க. வாணாம்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை. மந்திரி கண் கலங்குவார், ஓர் உதவித் தொகை அறிவிப்பார், போட்டோ எடுப்பார்கள், அத்தோடு கொட்டகையை மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கையைப் பற்றி நான் எங்கேயும் வாய் திறக்கவில்லை. வேறு வழி கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

மந்திரி நின்ற இடம்

அடிக்கல் நாட்டு விழாவுக்குக் காலையில்தான் நல்ல நேரம் குறித்தார்கள். அன்று யாரும் தெருவில் பாவு போட வேண்டாம் என்று தலைவர் சொல்லியனுப்பினார்.

நான் வீடு வீடாகப் போனேன். யாருடைய முறையோ அவர்கள் பாவு போடுங்கள், மற்ற நாளில் செய்வதைத்தான் அன்றைக்கும் செய்யப்போகிறோம் என்றேன். சிலர் பயந்தார்கள். சிலர், இவளோடு பெரிய பேஜாராகப் போச்சு என்று என் காதுபடவே சொன்னார்கள். ஆனால் விடிந்து நான் வெளியே வந்து பார்த்தபோது தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பாவு பளபளத்தது. சிவப்பு, அரக்கு, பச்சை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மந்திரியின் கார் வந்து தெருமுனையில் நின்றது. அடிக்கல்லை உள்கோடியிலிருந்த பந்தலில் வைத்திருந்தார்கள்; வளைவு முனையில் கட்டப்பட்டாலும் கூட்டம் உட்கார இடம் அங்கேதான் இருந்தது. தலைவர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து, சுருட்டுங்கள் என்றார். உடனே சுருட்டத் தொடங்கினார்கள். யாரும் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. இழுவை தளராமல், சிக்கு விழாமல், எப்போதும் சுருட்டுகிற மாதிரியே சுருட்டினார்கள்.

மந்திரி கீழே இறங்கினார். முதலில் பட்டை வியந்து பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னிடம், இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும் என்று கேட்டார்.

"அன்னிக்கு எவ்ளோ ஆச்சோ அவ்ளோதாங்க ஐயா. இதே எடத்துலதான் நெருப்பு வண்டியும் நின்னுகினு இருந்திச்சி."

என்ன வண்டி என்றார். சொன்னேன். தலைவர் என்னைக் கண்ணாலேயே எரித்தார். நான் நிறுத்தவில்லை. எரிந்த வீட்டைச் சொன்னேன், அதிகாரி வந்து சொன்னதைச் சொன்னேன், வளைவைச் சொன்னேன். கையைச் சொல்லவில்லை. கன்னியப்பன் அண்ணன் கூட்டத்தின் பின்னால், கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

மந்திரி விவரமானவர். அப்படியானால் தப்பு பாவு மேல்தானே என்று மடக்கினார்.

"பாவு நிறுத்தினது கொஞ்ச நேரங்க. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துதே, அந்த ரோடு நிறுத்தினதுதாங்க ஜாஸ்தி. பாவு எங்க வேலைங்க, அத நாங்க பாத்துக்கறோம். வண்டி உங்க வேலைங்க."

அவர் சிரித்தார். பாவு சுருட்டி முடிந்ததும் காரில் ஏறாமல் நடந்தே வந்தார். கரி படிந்து நின்ற சுவர்களுக்கு முன்னால் சற்று நின்றார். பந்தலுக்குப் போய், வளைவு ஓடியா போய்விடும், முதலில் கொட்டகையைக் கட்டுங்கள், அதற்கும் நானே அடிக்கல் நாட்டிவிடுகிறேன் என்று மைக்கில் சொன்னார். தெருவே கை தட்டியது. தலைவரும் தட்டினார்.

அடிக்கல்லில் 'அலங்கார வளைவு' என்று ஏற்கெனவே செதுக்கியிருந்தது. புதுக் கல்லுக்குச் செலவு எதற்கென்று அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் கொத்தியெடுத்துவிட்டு, பள்ளமான அந்த இடத்தில் 'தீயணைப்பு நிலையம்' என்று செதுக்கினார்கள். இன்றும் கை வைத்துப் பார்த்தால் பள்ளம் தெரியும். எங்கள் பஞ்சாயத்து மிச்சம் பிடித்ததில் எனக்கு மனதாரப் பிடித்தது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு கூட்டங்களில் எனக்கு மட்டும் காபி வரவில்லை.

கிடைத்த இடம்

அடிக்கல் நாட்டினால் கட்டடம் எழுந்துவிடாது. சுவர் எழுந்தது, கூரைத் தகட்டுக்கு நிதி இல்லை. தகடு வந்தது, தொட்டிக்கு ஒதுக்கவில்லை. தொட்டியும் வந்த பிறகு துறையில் வண்டி இல்லை என்றார்கள். பஞ்சாயத்தே கலைந்து போய், என் நாற்காலியும் போயிற்று. நான் போவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விடுகிற அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.

எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு நாள் வண்டி வந்தது. பழைய வண்டிதான், பெயிண்ட் மட்டும் புதுசு. ஆட்களுக்குக் கட்டில்கூட வரவில்லை. தெருக்காரர்கள் பாய் கொடுத்தோம். ஓட்டைக் குழாய்க்கு மாற்றுக் குழாய் வர ஏழெட்டு மாதம் ஆனது. அதற்கும் நடந்தேன்.

ஒரே ஒரு சங்கடம். பஞ்சாயத்துக்கு இருந்த காலி மனை தெருவின் உள்கோடியில்தான். கொட்டகை அங்கேதான் எழுந்தது. வண்டி வெளியே போக வேண்டுமென்றால் எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். மணி அடித்தால் பாவைச் சுருட்டிவிடுவோம் என்று தெருக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டோம். நல்ல காலம், நிலையம் வந்த பிறகு அழைப்பெல்லாம் மதியத்திலோ சாயங்காலத்திலோ வந்தன. பாவு நேரத்தில் ஒன்றும் வரவில்லை.

மணி அடித்த காலை

அதுவும் வந்தது. சேவூரில் கூரை வீடுகளில் தீ. எங்கள் தெருவில் அன்று இரண்டு பாவு நீட்டியிருந்தது. கொட்டகையை ஒட்டி முதலில் நின்றது எங்களுடையது, அடுத்தது கன்னியப்பன் அண்ணன் மனைவி சரோஜாவுடையது.

மணிச் சத்தம் கேட்டதும் தேவராஜ் பாவின் தலைப்பில் உட்கார்ந்து சுருட்டத் தொடங்கினார். ஜல்தியாகத்தான் தொடங்கினார். ஆனால் அவருடைய கை இழுவை பார்த்தது, இழையை நீவியது, சிக்கைத் தடவியது. நெய்கிறவன் கைக்கு வேறு எதுவும் தெரியாது. வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் எங்களை அவசரப்படுத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசாங்கம் எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக எத்தனையோ வருஷம் கேட்டவள் நான். அன்று காலை அந்தக் கேள்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. பாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மந்திரியிடம் வீராப்பாகச் சொன்னதும் நான்தான்.

உள்ளே ஓடித் தறியருகே கிடந்த கத்திரிக்கோலை எடுத்து வந்தேன். விறைப்பாக நின்ற பட்டை நடுவில் வெட்டினேன். பட்டு வெட்டுப்படும்போது நறநறவென்று ஒரு சத்தம் வரும். வெட்டுப்பட்ட இரண்டு பக்கமும் துவண்டு மண்ணில் விழுந்தன. தேவராஜ் தலை நிமிர்ந்து பார்த்தார்.

நான் திரும்புவதற்குள் சரோஜா தன் பாவை வெட்டியிருந்தாள்.

துவண்டு கிடந்த பட்டையும் மூங்கில் கால்களையும் தெருக்காரர்கள் ஓரமாக வாரிப் போட, வண்டி எங்களைத் தாண்டிப் போனது. மணிச் சத்தம் ரோட்டில் திரும்பி, தேய்ந்து, அடங்கியது. தெருவில் யாரும் அசையவில்லை. முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று எல்லோரும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

கன்னியப்பன் அண்ணன் மெதுவாக வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"வண்டி பூட்ச்சா?"

"பூட்ச்சிண்ணா."

"அப்ப சாம்பல் எட்தாரச் சொல்லு. பிணைச்சிடலாம்."

அறுந்த பட்டு இழையை முடிச்சுப் போட மாட்டோம். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்குவோம். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். அவரால் ஒன்றைக்கூட முறுக்க முடியாது. ஆனால் வெட்டுப்பட்ட தலைப்பை இரண்டு முழங்கைகளுக்கு நடுவில் இடுக்கி, கலையாமல் பிடித்துக்கொண்டார். தெருவில் இருந்த அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியதும் யாரோ எங்கள் தலைக்கு மேல் வேட்டியை விரித்துக் கட்டினார்கள். தேவராஜ் எனக்கு எதிரே உட்கார்ந்து முறுக்கினார். ஒரு முறை என் விரலில் சாம்பல் தீர்ந்ததைப் பார்த்து, தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

வெகுநேரம் கழித்து வண்டி திரும்பியது. அன்று கன்னியப்பன் அண்ணன் வீடு எரிந்தபோது அந்த வெளியூர் வண்டி நின்ற அதே தெருமுனையில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி நடந்து வந்தார். முகமெல்லாம் கரி.

"ஒரு வூட்டோட நின்னுடிச்சிம்மா. ஆளு, மாடு எல்லாம் பத்திரம்," என்றார். பிறகு தெருவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துத் தயங்கினார். "வண்டிய உள்ள வுடணும்…"

நான் முறுக்கிய இழையைக் கையிலிருந்து விடவில்லை.

"இப்ப இன்னா ஜல்தி? ஒக்காருங்க. காப்பி வர்து."

அவரும் அவருடைய ஆட்களும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். கடைசி இழையைப் பிணைத்து முடிக்கும் வரை வண்டி தெருமுனையிலேயே நின்றது.